பாலை நகருக்குப் பயணம்

அரையாண்டுத் தேர்வு நெருங்கும்போதே சுற்றுலாவைப் பற்றிய பேச்சும் எழுந்துவிடுகிறது. உதகையும் கன்னியாகுமரியும் கண்டு முடித்தவர்கள் இப்பொழுது இராஜஸ்தானத்துப் பாலைவன நகரமாகிய ஜெய்சால்மருக்குச் செல்ல விழைகின்றனர். நல்ல விருப்பமே. அப்பயணத்தை எவ்வாறு திட்டமிட வேண்டும் என்பதைப் பற்றி இன்று சில சொல்ல விரும்புகிறேன். திட்டம் என்றவுடன் பயணச் சீட்டையும் தங்கும் விடுதியையுமே நாம் நினைக்கிறோம். பாலை நகருக்குச் செல்பவர் முதலில் நினைக்க வேண்டுவது தண்ணீரை.

செல்லுமிடத்தை முதலில் அறிந்துகொள்வோம். ஜெய்சால்மர் தார்ப் பாலைவனத்தில் உள்ளது. பாட்டி இராசபுத்திர மரபினராகிய ராவல் ஜெய்சால் என்பவர் 1156-இல் திரிகூடம் என்னும் குன்றின்மீது கோட்டை எழுப்பி இந்நகரை நிறுவினார். மஞ்சள் நிற மணற்கல்லால் ஆகிய அக்கோட்டை மாலை வெயிலில் பொன்போல் ஒளிர்கிறது. அதற்குத் தொண்ணூற்றொன்பது கொத்தளங்கள் உண்டு. சிந்து நாட்டிற்கும் அதற்கு அப்பாலும் சென்ற ஒட்டக வணிகத்தால் நகரம் செழித்தது. வணிகர்கள் சிற்ப வேலைப்பாடு மிக்க மாளிகைகளைக் கட்டினர். பம்பாய்த் துறைமுகம் வளர்ந்து வாணிகம் கடல்வழி சென்றதும் அச்செழிப்புக் குன்றியது. எனினும் கோட்டைக்குள் இன்றும் மக்கள் குடியிருக்கின்றனர். இராஜஸ்தானத்து மலைக்கோட்டைகளுள் ஒன்றாக 2013-இல் இது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

அந்நிலம் ஏன் வறண்டது? நமது கொங்கு நாட்டோடு ஒப்பிட்டால் இது எளிதில் விளங்கும். தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நின்று தடுக்கிறது. மழையின் பெரும்பகுதி மலைக்கு அப்பால் பெய்துவிட, நமக்குக் கிடைப்பது காற்றும் தூறலுமே. ஆரவல்லி மலைத்தொடரோ அரபிக் கடற்காற்று வீசும் திசையிலேயே நீண்டு கிடக்கிறது. ஆகவே அதனைத் தடுத்து மழை பெய்விக்க இயலவில்லை. மலை தடுத்ததனால் நமக்கு மழை குறைந்தது; மலை தடுக்காததனால் அவர்களுக்கு மழை குறைந்தது. நமக்கேனும் ஐப்பசி மழை துணை செய்கிறது. கோவையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 650 மில்லிமீட்டர் மழை பெய்யும். ஜெய்சால்மரிலோ 200 மில்லிமீட்டர் அளவே.

இனிப் பயண ஏற்பாடு. கோவையிலிருந்து ஜோத்பூர் சேர ரயிலில் ஏறத்தாழ இரண்டு நாள் ஆகும். அங்கிருந்து மேற்கே மேலும் 300 கிலோமீட்டர் அளவு செல்ல வேண்டும். கோடையில் வெயில் 45 பாகைக்கு மேல் ஏறும். ஆதலால் நவம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள காலமே தக்கது. பாலைவனம் என்றால் எப்பொழுதும் வெப்பம் என்று எண்ணிக் கம்பளிச் சட்டையை வீட்டில் வைத்துவிட்டுச் செல்லாதீர்கள். டிசம்பர் இரவுகளில் அங்கே கடுங்குளிர். மேகமும் ஈரமும் இல்லாத வானத்தின்கீழ் நிலம் பகலில் பெற்ற வெப்பத்தை இரவில் விரைந்து இழந்துவிடுகிறது.

காண வேண்டுவனவற்றையும் வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். பலர் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸாம் மணற்குன்றுகளுக்கு நேரே சென்று, ஒட்டகத்தில் ஏறி இறங்கித் திரும்பிவிடுகின்றனர். நீங்கள் முதலில் கடிசர் ஏரிக்குச் செல்லுங்கள். பதினான்காம் நூற்றாண்டில் ராவல் கட்சி சிங் மழைநீரைத் தேக்க அமைத்த ஏரி அது. குழாய் நீர் வருமுன் நகரம் அதனை நம்பியே வாழ்ந்தது. அடுத்து, கதீன் என்னும் வயல்களைப் பற்றி அவ்வூர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள். கற்பாங்கான மேட்டிலிருந்து ஓடிவரும் மழைநீரைத் தாழ்ந்த நிலத்தில் கரை கட்டித் தடுப்பார்கள். நீர் மண்ணில் ஊறிய பின், அந்த ஈரத்திலேயே கோதுமையும் கடலையும் விதைப்பார்கள். ஒரு பருவத்தின் சில மழைகளைக் கொண்டு ஒரு வெள்ளாமை எடுக்கும் அறிவு அது.

இவ்வளவு சிக்கனமாக நீரைப் போற்றிய நகரத்தின் கோட்டைக்கு இன்று தண்ணீராலேயே கேடு சூழ்ந்திருக்கிறது என்பது வியப்பும் வருத்தமும் தருவது. குடத்தில் சுமந்து வந்த நீரை அளந்து செலவிட்ட காலத்திற்கு ஏற்றவாறு கட்டப்பட்டது அக்கோட்டை. குழாய்கள் வந்தன, பின்னர்ச் சுற்றுலாப் பயணிகள் பெருக, உள்ளே விடுதிகளும் பெருகின. ஒவ்வொரு விடுதியிலும் குளியலறைகள். கழிவு நீர் கசிந்து குன்றின் உள்ளே இறங்கிற்று. களிமண் கலந்த அடித்தளம் நெகிழ்ந்தது. 1990-களில் கொத்தளங்கள் சில சரிந்தன. உலக நினைவுச்சின்ன நிதியம் 1996-இல் தன் ஆபத்துப் பட்டியலில் இக்கோட்டையைச் சேர்த்தது. பின்னர்ச் செப்பனிடும் பணிகள் நடைபெற்றன. ஆயினும் பகைவர் படைகளைத் தாங்கிய மதில், விருந்தினர் குளித்த நீரைத் தாங்கமாட்டாமல் தளர்ந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

ஆகவே மாணவர்களே, உங்கள் திட்டத்தில் மூன்று விதிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கோட்டையைக் காணுங்கள், தங்குவது கோட்டைக்கு வெளியே இருக்கட்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு வாளி நீர் என்று உங்களுக்குள் வரையறுத்துக்கொள்ளுங்கள். குடிநீர்ப் புட்டிகளையும் குப்பையையும் மணலில் எறியாமல் திரும்பக் கொணருங்கள். நாற்பது பேர் கொண்ட குழு ஓரிடம் செல்லும்போது அது ஒரு சிற்றூரே இடம்பெயர்ந்து செல்வதற்கு ஒப்பாகும். வந்தவருக்கு முதலில் ஒரு சொம்பு தண்ணீர் தருவது நம் கொங்கு நாட்டு வழக்கம். அந்தச் சொம்பு நீரின் அருமையை அறிந்தவரே நல்ல விருந்தினர்.

ஜெய்சால்மருக்கு இன்று தொலைவிலிருந்தும் நீர் வருகிறது. சத்லஜும் பியாசும் கூடும் ஹரிகேயிலிருந்து நீர் கொணரும் பெருங்கால்வாயின் பணி 1958-இல் தொடங்கிற்று. அதுவே இந்திரா காந்தி கால்வாய். நமது பகுதியிலும் பல்லாண்டுக் கோரிக்கைக்குப் பின் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024-இல் தொடங்கிவைக்கப்பட்டது. பவானியின் உபரி நீரை 1045 குளங் குட்டைகளுக்குக் கொணர்வது அதன் நோக்கம். ஆனால் வெளிநீர் வந்தபின் உள்ளூர்க் குளத்தை மறப்பது மனித இயல்பு. நொய்யலையொட்டிப் பேரூர் முதல் சூலூர் வரை முன்னோர் வெட்டிவைத்த குளங்களையும், கருமத்தம்பட்டியைச் சுற்றியுள்ள குட்டைகளையும் நம்முள் எத்தனை பேர் கரை நடந்து பார்த்திருக்கிறோம்?

முல்லையும் குறிஞ்சியும் வறண்டு திரிந்த நிலையையே நம் முன்னோர் பாலை எனக் கொண்டனர். எந்நிலமும் பாலையாகலாம் என்னும் எச்சரிக்கை அதில் உண்டு. எனவே புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னதாக உங்கள் ஊர்க் குளத்திற்கு ஒருநாள் செல்லுங்கள். நீர் எவ்வழி வருகிறது, எவ்வழி போகிறது, வாய்க்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பேட்டையே கடிசர் ஏரிக்கும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தால், செலவிட்ட பணத்திற்கும் நாட்களுக்கும் ஏற்ற பயன் கைகூடும். உங்கள் பயணம் இனிதாகுக.