நெல்லும் நம்முடையது, தவிடும் நம்முடையது!

(விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் கட்சி ஊழியர் ஒருவர் பேசியதிலிருந்து)



இந்தக் கூட்டத்தில் ஒரு பக்கம் நாற்று நடுகிறவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். மறு பக்கம் ஆலையில் ஷிப்டு பார்க்கிறவர்கள். ஒருவர் நெல்லை விளைவிக்கிறார். மற்றவர் அரிசியை விலை கொடுத்து வாங்குகிறார். நடுவிலே அந்த நெல் எந்த வழியாகப் போகிறது? போகிற வழியில் யார் யார் கையில் என்னென்ன தங்குகிறது? இதைத்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

கூலி உயர்வுக்குப் போராடுகிறோம். போராடத்தான் வேண்டும். ஆனால் போராடி வாங்கியதைக் கடைத்தெருவில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தால் கையில் என்ன மிஞ்சும்? ஆகவே கூலியைப் போலவே, விளைபொருள் போகிற பாதையும் நம்முடைய பிரச்னைதான்.

பழைய தஞ்சை ஜில்லாவைப் பாருங்கள். இன்று அது தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று நான்கு மாவட்டங்கள். குறுவை, சம்பா, தாளடி என்று காவிரித் தண்ணீரை நம்பி நெல் விளைகிற பூமி. இங்கே விளைச்சலுக்குப் பஞ்சமில்லை. விளைந்த பிறகு நடப்பதுதான் கேள்வி.

1972-ல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் ஏற்பட்டது. அதன் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் இல்லாவிட்டால், களத்து மேட்டில் வியாபாரி சொன்னதுதான் விலை. 2024-25 பருவத்தில் சாதாரண நெல் குவிண்டாலுக்கு மத்திய சர்க்கார் 2,300 ரூபாய் நிர்ணயித்தது. மாநில சர்க்கார் 105 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்தது. ஆக 2,405 ரூபாய். காகிதத்தில் விலை இருக்கிறது. கையில் கிடைக்கிறதா?

நெல்லில் ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. குறுவை அறுவடையாகும்போது வடகிழக்குப் பருவமழை வாசலில் வந்து நிற்கும். காய வைக்கக் களம் போதாது. தார் ரோட்டில் கொட்டிக் காய வைக்கிறார்கள். விதியைத் தளர்த்துங்கள் என்று டில்லிக்கு மனுப் போகிறது. டில்லியிலிருந்து குழு வருகிறது. மாதிரி எடுத்துக்கொண்டு போகிறது. உத்தரவு வருவதற்குள் நெல் முளை விடுகிறது! காத்திருக்க முடியாத குத்தகை விவசாயி என்ன செய்வார்? வந்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிடுகிறார். கிடங்கும் களமும் இல்லாத ஊரில் ஆதரவு விலை பாதி விலைதான்.

சரி, கொள்முதலான நெல்லாவது இங்கே இருக்கிறதா? ஒரு பகுதி சரக்கு ரயிலில் ஏறி வெளி மாவட்டங்களுக்கு அரவைக்குப் போகிறது. சர்க்கார் கணக்குப்படி 100 கிலோ நெல்லுக்குப் பச்சரிசி 67 கிலோ, புழுங்கல் 68 கிலோ. மீதி எங்கே? உமியும் தவிடும்! தவிட்டிலே எண்ணெய் இருக்கிறது. மாட்டுக்குத் தீவனம் இருக்கிறது. உமி ஆலைக் கொதிகலனுக்கு எரிபொருள். அரிசி ரேஷன் கடைக்குத் திரும்பி வருகிறது. உமியும் தவிடும் அரவை வேலையும் திரும்பி வருவதில்லை. நெல்லை விளைவித்த ஊரில் பசு வைத்திருக்கும் தாய், தவிட்டை மூட்டைக் கணக்கில் விலைக்கு வாங்குகிறாள். இங்கேயே அரைத்தால் எத்தனை பேருக்கு வேலை! எத்தனை மாட்டுக்குத் தீவனம்!

அடுத்தது உளுந்தும் பயறும். சம்பா, தாளடி அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற நெற்பயிருக்குள்ளேயே விதையைத் தெளிப்பது நம் வழக்கம். வயலின் ஈரத்திலும் பனியிலும் அது விளையும். தனித் தண்ணீர் வேண்டாம், உழவும் வேண்டாம். மண்ணுக்கு உரமாகும். பறிக்கிற வேலை பெண்களுக்குக் கூலியாகும். அறுப்பு மிஷின் வந்தபின் அதன் சக்கரம் ஏறி முளைத்த செடி நசுங்குகிறது. பல வயல்களில் தெளிப்பதையே விட்டுவிட்டார்கள். இட்லிக்கு உளுந்து எங்கிருந்து வருகிறது? கப்பலேறி பர்மாவிலிருந்தும் வருகிறது! மிஷினை உடைக்கச் சொல்லவில்லை. மிஷின் அறுத்த வயலில் பின்னால் விதைப்பதற்கும், விளைந்ததை நல்ல விலைக்குக் கொள்முதல் செய்வதற்கும் ஏற்பாடு வேண்டும் என்கிறோம்.

இங்கே ஒரு தோழர் எழுந்து கேட்கலாம்: "நெல் விலை ஏறினால் அரிசி விலையும் ஏறும். நிலமே இல்லாத எனக்கும் ஆலைக்காரருக்கும் இதில் என்ன லாபம்?" நியாயமான கேள்வி. விளைவிப்பவருக்குக் கட்டுப்படியாகும் விலை, உண்பவருக்கு மலிவு அரிசி, நடுவில் விழும் வித்தியாசத்தைச் சர்க்கார் தாங்குவது: இதற்காகத்தான் கொள்முதலும் ரேஷனும் இருக்கின்றன. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். கொள்முதல் நிலையத்தை மூடினால் ரேஷன் கடை காலியாகும். ரேஷனைக் குறைத்தால் கொள்முதலுக்கு வேலையில்லை. ஒன்றைக் காப்பாற்றாமல் மற்றதைக் காப்பாற்ற முடியாது. விளைவிப்பவரும் உண்பவரும் சண்டை போட்டுக்கொண்டால் சிரிக்கிறவன் தரகன்தான்!

காய்கறிக்கும் இதே கதை. 1999 நவம்பரில் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். கடைக்கு வாடகை இல்லை. தராசைச் சர்க்காரே கொடுத்தது. விவசாயி நேரே விற்றார். ஆலைத் தொழிலாளியின் வீட்டார் நேரே வாங்கினார்கள். 2001-ல் ஆட்சி மாறியது. சந்தைகள் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 2006-க்குப் பிறகு மீண்டும் உயிர் பெற்றன. இதிலிருந்து கிடைக்கிற பாடம் என்ன? மேலிருந்து கொடுத்ததை மேலிருந்தே எடுத்துவிடலாம். விற்பவரும் வாங்குபவரும் சங்கமாகச் சேர்ந்து காத்து நின்றால்தான் அது நிலைக்கும்.

பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். 1998-ல் தொடங்கிய குடும்பஸ்ரீயில் நிலமில்லாத பெண்கள் குழுவாகச் சேர்ந்து, தரிசாய்க் கிடந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நெல்லும் காய்கறியும் வாழையும் பயிரிட்டார்கள். பிறர் வயலில் கூலிக்கு நடவு செய்த கை, தன் குழுவின் பயிருக்கு நடவு செய்தது. நம் பெண்களால் முடியாதா?

ஆகவே தோழர்களே, நம்முடைய கோரிக்கைகள் இவை:

ஒன்று: கொள்முதல் நிலையம் இருக்கிற ஒவ்வொரு ஊரிலும் சிமெண்டுக் களமும், உலர்த்தும் இயந்திரமும், கூரை போட்ட கிடங்கும் வேண்டும். தார்ப்பாயை நம்பி மக்கள் உணவை மழையில் போடக் கூடாது.

இரண்டு: டெல்டா நெல் டெல்டாவிலேயே அரைபட வேண்டும். கழகத்தின் நவீன அரிசி ஆலைகளை விரிவாக்கு! தவிட்டை உள்ளூர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடு!

மூன்று: உளுந்தையும் பயறையும் ஆதரவு விலையில் வாங்கி ரேஷன் கடையிலும் சத்துணவுக் கூடத்திலும் கொடு!

நான்கு: பெண்கள் குழுவுக்குப் புறம்போக்கு, தரிசு நிலத்தைக் குத்தகைக்குக் கொடு. விளையும் காய்கறியைப் பள்ளிச் சமையலுக்கு வாங்கு!

கோரிக்கை வைத்துவிட்டுச் சும்மா உட்கார முடியுமா? நாளைக்கே தொடங்குகிற வேலையும் உண்டு. கொள்முதல் நடக்கும் நாட்களில் ஊருக்கு ஐந்து பேர் கொண்ட குழு தராசுக்குப் பக்கத்தில் நிற்கட்டும். எத்தனை சிப்பம் வந்தது, எத்தனை நாள் காத்தது, எடை என்ன, சிப்பத்துக்கு மாமூல் கேட்டார்களா என்று நோட்டுப் புத்தகத்தில் எழுதட்டும். சுமைதூக்கும் தோழர்களின் கூலி பாக்கியையும் அதிலேயே எழுதுங்கள். அவர்களுக்கு ஒழுங்காகக் கூலி கிடைத்தால், விவசாயியிடம் கை நீட்ட வேண்டிய நிலை இருக்காது. ஆலைச் சங்கத் தோழர்கள் ரேஷன் கடையிலும் உழவர் சந்தையிலும் இதேபோலக் கணக்கு எடுங்கள். இரண்டு நோட்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், நடுவில் எங்கே கசிகிறது என்பது பட்டப்பகல் போலத் தெரியும். அந்தக் கணக்கோடு கலெக்டர் ஆபீசுக்குப் போவோம். வாய்ப்பேச்சைத் தட்டிக் கழிக்கலாம். தேதியும் எடையும் போட்ட கணக்கைத் தட்டிக் கழிக்க முடியாது!

வயலில் நிற்பவரும் ஆலையில் நிற்பவரும் ஒரே சோற்றுப் பானையின் இரண்டு கைப்பிடிகள். இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினால்தான் பானை கவிழாது. சேர்ந்து பிடிப்போம், தோழர்களே!