காயும் வியர்வையே குளிர்விக்கும்



சுடச்சுட இருக்கும் கோப்பியைத் தட்டில் ஊற்றிக் குடிக்கும் தாத்தாமார்களை நாம் பார்த்திருக்கிறோம். தட்டு அகலமானது. கோப்பியின் மேற்பரப்பு அதிகமாகக் காற்றில் படுவதால் அது விரைவாக ஆவியாகி ஆறுகிறது. நீரின் நுண்துகள்கள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. வேகம் மிகுந்தவை மேற்பரப்பை விட்டுப் பறந்துவிடுகின்றன, மெதுவானவை தங்குகின்றன. வேகமானவை போனபின் எஞ்சியதன் சூடு குறைவது இயல்புதானே?

ஒரு கிராம் நீரை ஒரு பாகை சூடாக்க ஒரு கலோரி வெப்பம் போதும். அதே ஒரு கிராம், உடம்புச் சூட்டில் ஆவியாகச் சுமார் 580 கலோரி வேண்டும்! வியர்வை அந்த வெப்பத்தைப் பெரும்பாலும் நம் தோலிலிருந்தே எடுத்துக்கொள்கிறது.

ஆனால் ஒன்று. தமிழ்நாட்டின் வறண்ட கோடையில் மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்ந்திருக்கும் என்று நம் முன்னோர் பெருமையாகச் சொல்வதுண்டு. மலேசியாவில் அதே பானை அவ்வளவு குளிர்ச்சி தருவதில்லை. பானையின்மேல் குற்றமில்லை. இங்கே காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. ஏற்கெனவே ஈரமான காற்றில் நீர் மெதுவாகத்தான் ஆவியாகும்.

நம் உடம்பும் அந்தப் பானை போலத்தான். காற்று அசையாத செம்பனைக் காட்டில் குலை வெட்டுபவருக்கு வியர்வை ஆறாய் ஓடும். சொட்டிக் கீழே விழும் வியர்வை குளிர்விப்பதில்லை. தோலிலேயே காயும் வியர்வைதான் குளிர்விக்கும். தண்ணீர் வீணாகிறது, சூடோ உள்ளேயே ஏறுகிறது. "நன்றாக வியர்க்கிறது, ஒன்றும் ஆகாது" என்று இருந்துவிடுவது ஆபத்து.

எங்கள் வகுப்புப் பிள்ளைகளை இரு கைகளையும் நனைத்து, ஒன்றை மட்டும் அட்டையால் விசிறச் சொன்னோம். விசிறிய கைதான் சில்லென்று இருந்தது. தோலை ஒட்டிய ஈரக் காற்றை விசிறி விரட்டிவிடுகிறது.

வேலைக் காட்டில் ஒருவருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் வந்தால், உடனே நிழலில் அமர்த்தித் தண்ணீர் கொடுப்போம். பேச்சுக் குழறினாலோ, நினைவு தடுமாறினாலோ அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம், உயிருக்கே ஆபத்து. 999 எண்ணுக்கு அழைக்க வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சட்டை, காலணியைக் கழற்றி, உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். ஈரம் காயக் காய மறுபடியும் நனைக்க வேண்டும். விசிறி இல்லாவிட்டால் தொப்பி, அட்டைப்பெட்டியின் மூடி எதுவானாலும் சரி. ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை கை ஓயக் கூடாது.