மலைப் பறவைகளும் மனிதர் செயலும்
(அறக்கட்டளை விழாவில் நிகழ்த்திய உரை)



கொல்லாமையைக் குலநெறியாகப் போற்றும் இவ்வவையின் முன் ஒரு வினாவை வைக்கின்றேன். மரம் நடுவதால் ஓர் உயிரினம் அழியக்கூடுமோ? கூடும் என்பதற்கு நீலகிரியும் பழனி மலையும் சான்றாக நிற்கின்றன.

மலைமேல் ஒவ்வோர் 1,000 மீட்டர் உயரத்திற்கும் ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் வெப்பம் குறைகிறது. வெப்பம் குறையக் குறைய மரமும் பூச்சியும் மாறுகின்றன. அவற்றைச் சார்ந்த பறவைகளும் மாறுகின்றன. உச்சியில் பறவை வகைகள் குறைவு. ஆயினும், அங்கு வாழ்வனவற்றுள் சில உலகில் வேறெங்கும் இல்லாதவை.

சோலைக்கிளியை எடுத்துக்கொள்வோம். பெயரில் கிளி எனினும் அது கிளியினம் அன்று. சோலைக்காட்டின் நிழலில், தரையோரம் பூச்சி தேடும் சிறு பறவை. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஓர் இனமும், தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் வெண்வயிறு உடைய மற்றோர் இனமும் வாழ்கின்றன. இடையிலுள்ள வெப்பமான தாழ்நிலம் அவற்றிற்குக் கடல் போன்றது, மலையுச்சிகளே தீவுகள்.

சோலைகளைச் சூழ்ந்து புல்வெளிகள் உள்ளன. அங்கே நீலகிரி நெட்டைக்காலி என்னும் பறவை புற்கொத்தின் அடியில் கூடு கட்டுகிறது. மரம் அடர்ந்த இடத்தில் அதற்கு வாழ்வில்லை.

1819ஆம் ஆண்டில் ஜான் சல்லிவன் நீலகிரிக்கு வந்தார். அதன்பின் ஐரோப்பியர் குடியேற்றம் பெருகிற்று. புல்வெளியைத் தரிசு என்று கருதினர். விறகுக்கும், தோல் பதனிடும் பட்டைக்கும், பின்னாளில் மரக்கூழுக்குமாகச் சீகை, தைலமரம், பைன் ஆகிய அயல் மரங்கள் பரப்பப்பட்டன. எவரும் பறவையைக் கொல்ல எண்ணவில்லை. எனினும், பழனி மலையில் 1973க்குப் பிந்தைய நான்கு பத்தாண்டுகளில் புல்வெளியின் மூன்றில் இரண்டு பங்கு மறைந்தது என்று ஆய்வாளர் கண்டுள்ளனர்.

சாலையும் கடையும் தோட்டமும் பெருகிய இடத்தில் பறவைகள் இல்லாமற் போவதில்லை. மைனாவும் காகமும் செம்மீசைச் சின்னானும் மிகுகின்றன. எண்ணிப் பார்ப்பவர்க்குத் தொகை கூடியதாகவும் தோன்றலாம். ஆனால் எங்கும் வாழவல்லவை வந்து, அங்கு மட்டுமே வாழவல்லவை நீங்குமாயின், அது பெருக்கம் ஆகாது, இழப்பே.

இதற்கு மேல் உலக வெப்பமும் உயர்கிறது. குளிர் நாடும் பறவை இன்னும் மேலே ஏற வேண்டும். மலையோ மேலே செல்லச் செல்லக் குறுகுகிறது. நீலகிரியின் சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். அதற்கு மேல் ஏற இடமில்லை.

இப்போது சில இடங்களில் வனத்துறையினர் சீகையை அகற்றிப் புல்லை மீட்டு வருகின்றனர். மரமும் ஓரறிவுயிர்தானே, அதை வெட்டுவது ஹிம்சை அன்றோ என்று நீங்கள் வினவலாம். வினா நியாயமானது. அதனை எளிதாகத் தள்ளிவிட எனக்கும் மனம் வரவில்லை. பழைய அயல்மரங்களின் நிழலில் சோலைக் கன்றுகள் தாமே முளைத்துள்ள இடங்களும் உண்டு. அங்கே வெட்டாமல் விடுவதே நன்று. புல்வெளியில் புதிதாகப் பரவும் இளஞ்செடிகளை உடனே களைந்தால், பின்னர் பெருமரங்களை வீழ்த்த நேராது. முன்னெச்சரிக்கை இன்றிச் செய்த நற்செயல், பின்வருவோரை இருதலைத் துன்பத்தில் நிறுத்துகிறது என்பதே இதில் நாம் பெறும் பாடம்.

ஆகவே, உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் நம் குடும்பத்தார் சிலவற்றைக் கடைப்பிடிக்கலாம். புல்வெளியில் மரக்கன்று நடுவதற்குப் பொருளுதவி கேட்டால், இது எவ்வகை நிலம் என்று முதலில் வினவுங்கள். உணவு மிச்சத்தை மலையில் விட்டு வராதீர்கள். அது காகங்களை ஈர்க்கும். காகங்கள் சிறு பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் கவரும். புல்வெளியில் பாதையை விட்டு விலகி நடவாதீர்கள். காலடியில் கூடு இருக்கலாம்.

அறிந்து செய்யும் தீங்கை விலக்க நம் முன்னோர் கற்பித்தனர். அறியாமல் செய்யும் தீங்கை அறிந்துகொள்வது நம் கடமை.