தவிசாளர் வீட்டுப் படலை



போர்க்காலம் முழுக்க இலங்கையின் வடக்கில் அரசாங்கம் என்றால் சோதனைச்சாவடி. அடையாள அட்டையைக் கேட்கும், காட்டிவிட்டுப் போகவேண்டும். அதோடு வாய்த்தர்க்கம் பண்ண ஏலாது. பிரதேச சபைத் தவிசாளரோடு பண்ணலாம். அவர் உள்ளூர்க்காரர். தெருவிளக்கு எரியாவிட்டால் விடியக்காலமே அவர் வீட்டுப் படலையில் நின்று, “என்ன தம்பி, போன கிழமை சொன்னனீங்கள், இன்னும் லைற் எரியேல்லையே?” என்று கேட்கலாம். சமாதானம் பற்றிய பெரிய மாநாடுகள் இந்தப் படலைவரை வருவதில்லை. வந்திருக்கவேண்டும் என்பது என் எண்ணம்.

வலிகாமம் வடக்கைப் பாருங்கள். 1990இல் இடம்பெயர்ந்தவர்களின் காணிகள் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போயின. போர் முடிந்தபிறகும் கட்டம் கட்டமாகத்தான் விடுவித்தார்கள். கால் நூற்றாண்டு கழித்துத் தன் காணிக்குப் போகிறவருக்கு முன்னால் பற்றைக்காடு நிற்கும். ஒழுங்கை எது, வளவு எது, வேலி எங்கே ஓடியது, ஒன்றும் பிடிபடாது. கிணறு தூர்ந்திருக்கும். அந்த ஒழுங்கையை வெட்டித் திறந்து, மதகு கட்டி, சந்தையை நடத்தி, சுடலையைத் துப்புரவாக்கி, வாசிகசாலைக்குப் பேப்பர் போடுவது பிரதேச சபையின் வேலை. 1987ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குக் கொடுத்த அதிகாரம் ஏறக்குறைய இவ்வளவுதான். காணியை விடுவிக்கச் சொல்லித் தீர்மானம் நிறைவேற்றலாம், முடிவு கொழும்பில். வீட்டுத்திட்டமோ பிரதேச செயலகத்தின் வழியாக வரும். சபை வேறு, செயலகம் வேறு என்று தெரியாமல் இரண்டு வாசலுக்கும் அலைகிற சனம் இன்றைக்கும் உண்டு.

உள்ளூராட்சியின் இந்தச் சின்ன அதிகாரத்தின் பொருட்டு யாழ்ப்பாணத்தில் உயிர்கள் போயிருக்கின்றன. 1975இல் மேயர் அல்பிரட் துரையப்பா பொன்னாலைக் கோயிலடியில் சுட்டுக்கொல்லப்பட்டார். 1998 ஜனவரியில் மாநகர சபைக்குத் தேர்தல் நடந்தது. மேயராக வந்த சரோஜினி யோகேஸ்வரனை மே மாதம் வீட்டில் வைத்துச் சுட்டார்கள். அவருக்கு அடுத்து வந்த பொன் சிவபாலன் செப்டெம்பரில், மாநகர சபைக் கட்டிடத்திலேயே குண்டுவெடித்து இறந்தார். குப்பை அள்ளுவதைப் பற்றிப் பேசவேண்டிய கதிரை அது.

2009 மே மாதம் போர் முடிந்தது. ஓகஸ்ட் 8ஆம் திகதியே யாழ்ப்பாண மாநகர சபைக்கும் வவுனியா நகர சபைக்கும் தேர்தல் வைத்துவிட்டார்கள். வவுனியா மெனிக் பாம் முகாமில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமானோர் முள்வேலிக்குள் இருந்த நேரம். யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவர்கள் நூற்றுக்கு 22 பேரளவில்தான். வாக்குப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தால் நம்பிக்கை பின்னாலேயே வந்துவிடும் என்று யாரோ கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

2018 உள்ளூராட்சித் தேர்தலில் ஒரு நல்ல காரியம் நடந்தது. பெண்களுக்கு 25 சதவீத ஒதுக்கீடு வந்தது. அதுவரை நாடு முழுக்க உள்ளூராட்சி சபைகளில் பெண்கள் 2 சதவீதமளவில்தான் இருந்தார்கள். கணவரை இழந்து குடும்பத்தைத் தனியே இழுத்த பெண்கள் இவ்வளவு பேர் உள்ள வடக்கில் இது எப்போதோ நடந்திருக்கவேண்டும். ஆனால், கட்சிப் பட்டியலால் வந்த பெண்களுக்குச் சொந்த வட்டாரம் கிடையாது. வட்டாரம் இல்லாதவரின் குரல், வீதிக்குக் காசு பிரிக்கும்போது எடுபடுவது கஷ்டம்.

பிறகு 2023இல் சபைகளின் காலம் முடிந்தது. தேர்தலுக்குக் காசில்லை என்றார்கள். இரண்டு வருடத்துக்கு மேலாக அதிகாரிகளே சபைகளை நடத்தினார்கள். ஏசுவதற்குப் படலை இல்லை. தேர்தலை நடத்தாதது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2025 மே 6ஆம் திகதி வாக்களிப்பு நடந்தது.

இப்போது வடக்கின் பல சபைகளில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. பாதீடு நிறைவேற எதிர்க்கட்சிக்காரரின் கையும் உயரவேண்டும். அமர்வுகளில் வாக்குவாதம் நடக்கிறது. சிலர் எழும்பி வெளியே போகிறார்கள். அடுத்த அமர்வுக்குத் திரும்பி வருகிறார்கள். இதைப் பார்த்துச் சலித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். 1998ஐ நினைவில் வைத்திருக்கிற எனக்குச் சலிப்பு வரவில்லை.