விக்கிரவாண்டி கண்டக்டரும் காணாமல் போகும் அணுவும்

திண்டிவனத்திலிருந்து இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிற ஒரு தம்பி கேட்டிருக்கார்: "அண்ணா, 48 க்யூபிட்ல தப்பே இல்லாம ஓட்டிட்டாங்கன்னு சொல்லி குவாண்டம் கோர்ஸ் விக்கிறாங்க. கடன் வாங்கிச் சேரலாமா?"

முதல்ல அந்த 48. ஹார்வர்டில் மிகைல் லூகின் குழு 2023 டிசம்பரில் நேச்சர் இதழில் வெளியிட்டது. ரூபிடியம் அணுக்களை லேசரால் தனித்தனியாகப் பிடித்து வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு க்யூபிட்டாக்கினார்கள். ஒரு அணு கெட்டாலும் தகவல் தெரியணும்னு 128 அணுக்களில் பரப்பி வைத்ததுதான் அந்த 48 லாஜிக்கல் க்யூபிட். பெரிய வேலைதான், குறைச்சு சொல்லல. ஆனா அந்தச் சோதனையில் பிழையைக் கண்டுபிடிச்சாங்க, அவ்வளவுதான். பிழை தெரிந்த ஓட்டங்களைத் தூக்கிப் போட்டுவிட்டு மீதியை எடுத்துக்கொண்டார்கள். ஓடும்போதே திருத்துறது வேற கதை.

அணுக்களுக்கு இன்னொரு தொல்லை, பிடியிலிருந்து நழுவிப் போயிடும். திருச்சி போற ரிசர்வேஷன் பஸ் திண்டிவனம் தாண்டி, விழுப்புரத்துக்கு முன்னாடி விக்கிரவாண்டி மோட்டல்ல நிக்குமில்ல? (அங்க தோசை விலையைப் பத்தி தனி எபிசோடே போடலாம்.) கிளம்பும்போது 14-ஆம் சீட் காலின்னா, யாரைத் தேடணும்னு கண்டக்டருக்கு உடனே தெரியும். பக்கத்து பஸ் ஆள் தூக்கக் கலக்கத்துல ஏறி அந்த சீட்ல உட்கார்ந்துட்டா? தலை எண்ணிக்கை சரியா இருக்கும், ஆள் தப்பு.

அணு இழப்பு அந்தக் காலி சீட் மாதிரி, இடம் தெரிஞ்ச பிழை. 7 க்யூபிட் ஸ்டீன் கோட், இடம் தெரியாத பிழைன்னா 1 தான் திருத்தும். இடம் தெரிஞ்சா 2. அதனாலதான் பிரின்ஸ்டனில் ஜெஃப் தாம்ப்சன் குழு, இட்டெர்பியம் அணுக்களில் மற்ற பிழைகளையும் இடம் தெரிஞ்ச பிழையா மாத்திக் காட்டியது, அதுவும் 2023-ல்தான். கஷ்டம் எங்கன்னா, காலியான்னு எட்டிப் பார்க்கிறப்போ உட்கார்ந்திருக்கிறவங்க கலையக் கூடாது.

தம்பி, கடன் வேண்டாம். என்பிடெல்லில் குவாண்டம் பாடங்கள் இலவசமா இருக்கு. ஐஐடி மெட்ராஸிலேயே பிரபா மண்டயம், பிரதீப் சர்வேபள்ளி ரெண்டு பேரும் குவாண்டம் பிழைத் திருத்தத்தில் ஆராய்ச்சி செய்றாங்க. கட்டுரைகள் ஆர்க்கைவில் படிக்கக் கிடைக்கும். அதுக்கு முன்னாடி சாதாரண 7 பிட் ஹேமிங் கோடை பேப்பர்ல போட்டுப் பாருங்க, ஸ்டீன் கோட் அதிலிருந்துதான் வருது. கோர்ஸ்காரர் மறுபடி போன் பண்ணா, அந்த 48-ல எத்தனை ஓட்டத்தைத் தூக்கிப் போட்டாங்கன்னு கேளுங்க. என்ன சொன்னார்னு எனக்கும் எழுதுங்க.