அஞ்சலட்டையில் வாழ்ந்த ஆசான்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பத்தாண்டு நிறைவு காணும் இந்நாளில், நமக்கு வழிகாட்டத்தக்க மூத்த எழுத்தாளர் ஒருவரை நினைவுகூருமாறு என்னைப் பணித்தீர்கள். நான் தேர்ந்துகொண்டவர் வல்லிக்கண்ணன்.

ரா.சு. கிருஷ்ணசாமி என்பது அவரது இயற்பெயர். நெல்லை மாவட்டத்து ராஜவல்லிபுரம் சொந்த ஊர். ஊர்ப் பெயரிலிருந்து ‘வல்லி’யையும் தம் பெயருக்குரிய ‘கண்ண’னையும் இணைத்துப் புனைபெயர் கொண்டார். 1920இல் பிறந்தவர். அரசாங்கத்தின் வேளாண்மைத் துறையில் எழுத்தராகப் பணியாற்றினார். எழுத்தே வாழ்வு என்று முடிவு செய்தபின், கிடைத்தற்கரிய அந்த அரசுப் பணியை உதறினார். நெல்லையிலிருந்து சென்னைக்குக் கால்நடையாகவே புறப்பட்ட துணிவு அவருடையது. பின்னர், துறையூரிலிருந்து வெளிவந்த ‘கிராம ஊழியன்’ இதழில் பணிபுரிந்தார். மணம் செய்துகொள்ளவில்லை. சென்னையில் தமையனார் குடும்பத்தோடு எளிய வாழ்வு வாழ்ந்தார். 2006இல் மறைந்தார்.

சிறுகதை, நாவல், கவிதை, கட்டுரை என எல்லாத் துறைகளிலும் அவர் எழுதினார். எனினும், தமிழ்நாட்டு இளம் எழுத்தாளர் பலருக்கு அவர் முதலில் அறிமுகமானது ஓர் அஞ்சலட்டையின் வாயிலாகத்தான். எங்கோ ஒரு சிற்றூரில், கடன் வாங்கி முதல் தொகுப்பை அச்சிட்ட ஒருவன், அஞ்சாமல் அதை அவருக்கு அனுப்பலாம். பதில் வரும். பொடி எழுத்தில், இடம் வீணாகாமல் நிறைந்த கடிதம். சிற்றிதழ் ஒன்று வந்தாலும் படித்துக் கருத்து எழுதுவார். இதை ஒரு தொண்டாகவே வாழ்நாள் முழுதும் செய்தார்.

இதற்காக அவர் குறையும் கூறப்பட்டார். “எல்லாரையும் பாராட்டுகிறார், தகுதி பார்ப்பதில்லை” என்றனர் சிலர். அன்பர்களே, இக்குற்றச்சாட்டை நாம் ஒதுக்கிவிடக்கூடாது. அளவற்ற பாராட்டு இளங்கவிஞனைக் கெடுக்கும் என்பது உண்மை. ஆனால், வல்லிக்கண்ணனுக்கு அளவுகோல் இல்லாமற் போயிற்றா?

‘புதுக்கவிதையின் தோற்றமும் வளர்ச்சியும்’ என்ற அவரது நூலைப் பாருங்கள். ‘தீபம்’ இதழில் தொடராக வந்து நூலான படைப்பு அது. 1978ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. பாரதியின் வசன கவிதையில் தொடங்கி, ந. பிச்சமூர்த்தி, கு.ப.ரா. ஆகியோரின் முயற்சிகளைக் கடந்து, 1959இல் சி.சு. செல்லப்பா தொடங்கிய ‘எழுத்து’ ஏட்டின் காலத்தையும் அதற்குப் பிந்திய வளர்ச்சியையும் அது வரிசைப்படுத்துகிறது. புதுக்கவிதையை எதிர்த்தோரின் வாதங்களுக்கும் அதில் இடமுண்டு. சிற்றிதழ்களின் வரலாற்றையும் அவர் தனி நூலாக எழுதினார். மற்றவர்கள் புரட்டிப் பார்த்து எறிந்த ஏடுகளை அவர் படித்திருந்தார். ஆகவேதான் அவ்வரலாற்றை அவரால் எழுத முடிந்தது.

வரலாறு எழுதும்போது நிறுத்துப் பார்த்த அவர், தொடங்குபவனுக்கு எழுதும்போது கை கொடுத்தார். இரண்டும் வேறு வேறு கடமைகள் என்பதை அவர் அறிந்திருந்தார் என்றே நான் கருதுகிறேன். முதல் கவிதை எழுதியவனுக்கு உடனடித் தேவை தீர்ப்பு அன்று. தன்னை ஒருவர் முழுமையாகப் படித்தார் என்ற செய்தி. அது கிடைத்தால்தான் அவன் இரண்டாம் கவிதை எழுதுவான். பின்னர் விமரிசனத்தையும் தாங்குவான்.

இனி நம்மைப் பற்றி ஒரு சொல். பத்தாண்டுகளாக மாதந்தோறும் கூடுகிறோம். கவிதை வாசிக்கிறோம், கை தட்டுகிறோம். நம்முன் நடுங்கும் குரலில் வாசித்துவிட்டு, மறு மாதம் வாராமற்போன இளைஞர்கள் எத்தனை பேர்? அவர்களுள் ஒருவருக்காவது நாம் ஒரு கடிதம் எழுதியதுண்டா? இந்தக் கேள்வி என்னையும் சேர்த்தே கேட்கப்படுகிறது. நானும் எழுதவில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். இம்மாதம் தொடங்கி, நாம் ஒவ்வொருவரும் மாதம் ஒரு புதியவரின் கவிதையை முழுதும் படித்து, நம் கருத்தைக் கைப்பட எழுதி அனுப்புவோம். குறையிருப்பின் இதமாகச் சொல்வோம். நிறையை மறைக்காமல் சொல்வோம். வல்லிக்கண்ணனுக்குச் சிலை வைக்கும் வசதி நம் வட்டத்துக்கு இல்லை. ஓர் அஞ்சலட்டை வாங்கும் வசதி நம் எல்லாருக்கும் உண்டு.