தொண்டு நிறுவனங்களும் மக்கள் விவரங்களும்

கேரள, தமிழ்நாட்டு எல்லையில் அமைந்த ஊர் பனச்சமூடு. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது விளவங்கோடு வட்டம் அந்நாளைய சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அன்று முதல் இவ்வட்டார மக்களின் வாணிபமும் மணவுறவும் எல்லையைக் கடந்து நடந்து வருகின்றன. அரசின் பதிவேடுகளோ எல்லையிலேயே நின்றுவிடுகின்றன. இவ்வெல்லை மேற்கே சென்று கடலைத் தொடுமிடத்தில் கேரளத்தின் பொழியூரும் தமிழ்நாட்டின் நீரோடியும் அடுத்தடுத்து உள்ளன. இரு ஊர் மீனவர்க்கும் கடல் ஒன்றே.

2017 நவம்பர் 30-ஆம் நாள் ஒக்கிப் புயல் இக்கடற்பகுதியைத் தாக்கியது. காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் மிக விரைவாகப் புயலாக வலுப்பெற்றதால், எச்சரிக்கை எட்டுமுன்பே பல படகுகள் கடலில் இருந்தன. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பகுதி மீனவர்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்பவர்கள். கடலில் இருந்தோர் எத்தனை பேர், யார் எவர் என்னும் கேள்விகளுக்கு உடனடி விடை கிடைக்கவில்லை. ஒரு மாநிலத்துப் படகில் மறு மாநிலத்துத் தொழிலாளர் இருந்ததும் கணக்கைச் சிக்கலாக்கிற்று. ஊர்ப் பங்குகளும் மீனவர் அமைப்புகளும் வீடு வீடாகக் கேட்டுப் பெயர்ப் பட்டியல் தயாரித்தன. தேடுதலுக்கும் நிவாரணத்துக்கும் முதல் தேவை அப்பட்டியலே என்பது அப்போது தெளிவாயிற்று.

விவரம் சேகரிப்பது தொண்டு நிறுவனங்களுக்குப் புதிய பணியன்று. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 1980-இல் தோன்றிய தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, 1998-இல் கேரளக் கடற்கரையின் பாரம்பரிய மீன்பிடிக் கலங்களைக் கணக்கெடுத்தது. எவ்வகைக் கலங்கள், எங்கெங்கே, எத்தனை உள்ளன என்று தெரிந்தால்தான் கடனுதவியையும் இயந்திரப் பழுதுபார்ப்பையும் முறையாகத் திட்டமிட இயலும்.

இதே கூட்டமைப்பின் அனுபவம் நாகப்பட்டினத்தில் பயன்பட்டது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலையில் அம்மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் உதவிக்கு விரைந்தன. ஆயினும், சாலையோரத்து ஊர்களில் பொருள்கள் குவிந்தன. உள்ளடங்கிய ஊர்களுக்கு அவை எட்டவில்லை. 2005-ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே மாவட்ட ஆட்சியரகத்தில் ஓர் ஒருங்கிணைப்பு மையம் தொடங்கப்பெற்றது. இக்கூட்டமைப்பும் சிநேகா என்னும் நிறுவனமும் அதில் முன்னின்றன. எந்த ஊருக்கு எது தேவை, எந்த நிறுவனம் எங்கே பணிபுரிகிறது என்னும் விவரங்கள் ஒரே இடத்தில் திரட்டப்பட்டன. பின்னர் ஊர்களிலேயே தகவல் மையங்கள் அமைந்தன. அரசின் அதிகாரமும் தொண்டர்களின் நேரடி அறிவும் ஒரே கூரையின்கீழ் இணைந்ததே இம்முயற்சியின் சிறப்பு எனலாம்.

திரட்டிய விவரம் மக்களிடம் மீண்டும் சேர வேண்டும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயர முன்னறிவிப்பு வில்லியனூர் மையத்தில் பெறப்பட்டது. வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி வழியே தமிழில் அறிவிக்கப்பட்டது. எழுத்தறியாதவரும் அதைக் கேட்டுத் தொழிலுக்குச் செல்வதை முடிவு செய்ய முடிந்தது. ஆழிப்பேரலை நாளன்று நல்லவாடு கிராமத்திற்குச் சிங்கப்பூரிலிருந்த அவ்வூர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் செய்தி சொன்னார். தகவல் மையத்தின் ஒலிபெருக்கி ஊரை எச்சரித்தது. மக்கள் கரையைவிட்டு விலகி உயிர் பிழைத்தனர். செயற்கைக்கோளுக்கு நிகரான பயனை அன்று ஓர் ஒலிபெருக்கி அளித்தது.

கருவிகளுக்கு எல்லை உண்டு என்பதையும் மறத்தலாகாது. காற்று, அலை முன்னறிவிப்புகளை இந்நிறுவனம் பின்னர் அலைபேசிச் செயலி வழியாகவும் வழங்கியது. கரையோரத்தில் அது பெரிதும் பயன்தரும். ஆழ்கடலில் அலைபேசித் தொடர்பு கிடைப்பதில்லை. ஆங்குச் செயற்கைக்கோள் வழிக் கருவியே பயன்படும். எக்கருவி எவ்விடத்தில் உதவும் என்பதைத் தொழில் செய்வோரிடம் கேட்டறிந்த பின்னரே பணம் செலவிடுதல் வேண்டும்.

மற்றொரு பொறுப்பும் உண்டு. குடும்பத்தின் கடன், நோய், வருவாய் பற்றிய விவரங்கள் அக்குடும்பத்துக்கே உரியவை. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென நாடாளுமன்றம் 2023-இல் சட்டம் இயற்றியுள்ளது. எதற்காகக் கேட்கிறோம் என்று கூறி, இசைவு பெற்றுக் குறித்தெடுப்பதே முறை.

எல்லைப்புற அலுவலர்களுக்கும் மாணவர்களுக்கும் இதில் உடனடிப் பணி உள்ளது. கடலுக்குச் செல்வோரின் பட்டியலை இரு மாநில மீன்வளத் துறைகளும் பகிர்ந்துகொள்ளலாம். ஊர்ச் சங்கங்கள் அதைத் திருத்தித் தரலாம். கல்லூரி மாணவர்கள் அதைக் கணிப்பொறியில் ஏற்றிப் பராமரிக்கலாம். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. அடுத்த புயலின்போது கடலில் இருப்போர் யார் என்பதைக் கரையில் இருப்போர் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.